அலங்காரத் தீனித் தட்டு: எதை வாங்கலாம், எதை விடலாம்?

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு டெரஸ் (வரிசை) வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். வாசல் தோட்டத்தில் தொங்கவிட அழகழகான பறவைத் தீனித் தட்டுகளை இணையக் கடைகளில் பார்த்திருக்கிறார். தேநீர்க் கோப்பை வடிவில் ஒன்று, கண்ணாடி பதித்த சின்ன மர வீடு ஒன்று, சிவப்புப் பூ வைத்த சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டி ஒன்று. எதை வாங்கலாம், சிட்டுக்குருவியும் தேன்சிட்டும் வருமா என்பது அவர் கேள்வி. எலி வந்துவிடும் என்று கணவர் பயப்படுகிறாராம். அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்க ஓர் இடம் ஆகிவிடும் என்று மாமியார் சந்தோஷப்படுகிறாராம். ஊருக்குப் போகும்போது பழகிய பறவைகள் பட்டினி கிடக்குமோ என்ற கவலையும் அவருக்கு இருக்கிறது.

தாராளமாக வாங்குங்கள். ஆனால் வாங்குமுன் கடைக்காரரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, இதைத் தினமும் கழுவ முடியுமா என்று மட்டும் யோசியுங்கள். உள்ளே கை போகுமா? மூலை முடுக்கில் பிரஷ் எட்டுமா? கழற்றி மாட்டச் சுலபமா? இதற்கெல்லாம் ஆமாம் என்றால் வடிவம் எப்படி இருந்தாலும் சரி. ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

நான் இதில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் நம் ஊர் வானிலை. இந்தத் தட்டுகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுத் தோட்டங்களை மனத்தில் வைத்துச் செய்தவை. அங்கே பனிக்காலத்தில் புழு பூச்சி கிடைக்காது, மரத்தில் பழம் இருக்காது. தட்டில் போட்ட விதை ஒரு வாரம் கிடந்தாலும் குளிரில் கெடாது. கோலாலம்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காடு. மத்தியானம் 33 டிகிரி வெயில், சாயங்காலம் இடியோடு மழை. காலையில் போட்ட தினை மழையில் நனைந்தால் மறுநாளே புளித்த வாடை அடிக்கும். அதற்கடுத்த நாள் பூஞ்சைக் காளான். நிலக்கடலையில் வரும் பூஞ்சை அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது பறவையின் கல்லீரலை அரித்துவிடும்.

அதைவிடப் பெரிய விஷயம் நோய். காட்டில் பத்து மரத்தில் பிரிந்து மேயும் பறவைகளை நாம் ஒரே தட்டுக்கு வரவழைக்கிறோம். ஒன்று எச்சமிட்ட இடத்தில் இன்னொன்று கொத்துகிறது. 1994இல் அமெரிக்காவில் தீனித் தட்டுகளுக்கு வரும் ஹவுஸ் ஃபிஞ்ச் குருவிகளிடம் கண் வீங்கி மூடிப்போகும் ஒரு தொற்று தென்பட்டது. சில ஆண்டுகளில் அது நாட்டின் கிழக்குப் பாதி முழுவதும் பரவியது. 2005இல் பிரிட்டனில் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி கிரீன்ஃபிஞ்ச் குருவிகளைத் தாக்கியது. தொண்டை வீங்கி இரையை விழுங்க முடியாமல் அவை செத்தன. தோட்டத்துக்குத் தோட்டம் கண்ட அந்தக் குருவி அங்கே அருகிப்போனது. பறவைகள் மேல் கொள்ளைப் பிரியம் வைத்திருந்தவர்களின் தோட்டங்களில்தான் இது நடந்தது. நம் ஊரிலோ பனிக்காலம் என்று ஒன்று இல்லை. வருடம் முழுக்க ஏதோ ஒரு மரம் பழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. இங்குள்ள பறவைக்கு நம் தட்டு தேவையே இல்லை. பார்த்து மகிழ்வதற்காக நாம்தான் வைக்கிறோம். நம் ஆசைக்காக வைக்கிறதால் அவற்றுக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுக்கவே மனம் வராது.

இனி நீங்கள் சொன்ன மூன்றையும் பார்ப்போம்.

தேநீர்க் கோப்பை நல்ல தேர்வு. பீங்கான் வழவழப்பாக இருக்கும், கறை பிடிக்காது, சோப்புப் போட்டால் சுத்தமாகிவிடும். சாஸரோடு ஒட்டியிருந்தால் ஒட்டிய இடத்தில் இடுக்கு இருக்கிறதா என்று பாருங்கள், அழுக்கு அங்கேதான் தங்கும். சாஸரில் மழைநீர் வடிய ஓட்டை இருக்க வேண்டும். இல்லையென்றால் பீங்கான் துளைக்கும் டிரில் பிட் போட்டு நிதானமாக, நீர் ஊற்றிக்கொண்டே துளைக்கலாம். விரிசல் விட்ட கோப்பை மட்டும் வேண்டாம்.

கண்ணாடி வைத்த மர வீடு, படத்தில் எல்லோரையும் மயக்குவது அதுதான், நம் சீதோஷ்ணத்துக்குச் சரிப்படாது. கூரைக்குக் கீழே தீனியைக் கொட்டி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து வரும்படி செய்திருப்பார்கள். அடியில் இருக்கும் தீனிக்குக் காற்றே படாது. மரம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எச்சம் மரத்துக்குள் ஊறிவிடும். பக்கங்களில் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டுகள் பதித்திருந்தால் இன்னொரு தொல்லை: தன் நிழலை எதிரி என்று எண்ணி முராய் (குண்டுக்கரிச்சான்) போன்ற பறவைகள் மணிக்கணக்கில் மோதிக்கொண்டிருக்கும். மினுமினுப்புத் தூள் ஒட்டியது, உட்புறம் பெயின்ட் அடித்தது, நைலான் நூல் குஞ்சம் தொங்குவது எல்லாமே கழித்துக்கட்ட வேண்டியவை. நைலான் நூல் குருவியின் காலில் சுற்றிக்கொண்டால் அது இறுகி விரலையே துண்டாக்கிவிடும்.

அந்த வீடு உங்களுக்கு அவ்வளவு பிடித்துவிட்டதென்றால் ஒரு வழி உண்டு. அலங்காரச் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்குள் ஓர் எவர்சில்வர் கிண்ணத்தை உட்கார வையுங்கள். சாம்பார்க் கிண்ணம் இருக்கிறதே, அந்த அளவு போதும். சாப்பாடு கிண்ணத்தில், அழகு வெளியே. தினமும் கிண்ணத்தை மட்டும் எடுத்துக் கழுவினால் போதும். இரண்டு கிண்ணம் வைத்துக்கொண்டால் ஒன்று வெயிலில் காயும்போது மற்றது வேலை செய்யும். எவர்சில்வர் வெயிலில் சூடேறும், எனவே நிழலில் தொங்கவிட வேண்டும். செலவே இல்லாமல் வேண்டுமா? தேங்காய்ச் சிரட்டை. மூன்று ஓட்டை போட்டு, மெல்லிய கம்பியால் கட்டி, அடியில் ஓர் ஓட்டை. நார் இல்லாமல் நன்றாகச் சுரண்டிய சிரட்டை பார்க்க லட்சணமாக இருக்கும். கறுத்துப்போனால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டலாம். தோட்ட அழகுக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது அதைத்தான்.

சிவப்புப் பூப் புட்டி அமெரிக்காவின் ஹம்மிங் பேர்டுக்காகச் செய்தது. அந்தப் பறவை அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே கிடையாது. நம் தேன்சிட்டு அதற்கு உறவும் அல்ல. ஒரு பங்கு சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர் என்று கலந்து வைத்தால் தேன்சிட்டும் குடிக்கப் பழகும், உண்மைதான். ஆனால் நம் வெயிலில் அந்தப் பாகு ஒரே நாளில் நுரைக்கத் தொடங்கிவிடும். எறும்பும் குளவியும் மொய்க்கும். புட்டியின் குறுகிய கழுத்துக்குள் பிரஷ் போகாது. சிவப்புச் சாயம் கலந்த பொடிகளும், தேனும் அறவே கூடாது.

தேன்சிட்டு வேண்டுமானால் பூச்செடி வையுங்கள். செம்பருத்தி, இட்லிப்பூ, கல்வாழை, ஹெலிகோனியா போதும். செம்பருத்தியில் ஒற்றை அடுக்கு இதழ் உள்ள பழைய ரகமாகப் பாருங்கள். காலை எட்டு மணிக்குள் பக்கத்தில் அசையாமல் நின்று பார்த்தால் தெரியும்: தேன்சிட்டு பூவின் வாய் வழியாகப் போகாது. காம்போடு ஒட்டிய அடிப்பக்கத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வளைந்த அலகால் ஒரு குத்து குத்தி, பக்கவாட்டில் தேனை உறிஞ்சிவிட்டு அடுத்த பூவுக்குத் தாவும். ஆணுக்குத் தொண்டையில் நீலம் கறுத்து மின்னும், வயிறு நல்ல மஞ்சள். பெண்ணுக்கு அந்த நீலம் இல்லை. செடி பிடித்துப்போனால் போர்ச்சில் தொங்கும் பூந்தொட்டியிலேயே நாரும் சிலந்தி நூலும் சேர்த்துப் பை மாதிரி கூடு கட்டிவிடும். கூட்டைத் தொடாமல், தொட்டியை இடம் மாற்றாமல் விட்டுவிட்டால் குஞ்சுகள் பறந்து போகும்வரை உங்கள் வாசலிலேயே பார்க்கலாம். எந்தப் புட்டியும் அந்தக் காட்சியைத் தராது.

அடுத்து தீனி. இதில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: டெரஸ் வீட்டுக்குப் பழம் போதும், விதை வேண்டாம்.

விதை போட்டால் சிட்டு வரும், மெர்போக் என்ற சின்னப் புறா வரும், புள்ளிப்புறா வரும், பிப்பிட் என்று மலாயில் சொல்லும் சில்லைக் குருவிகள் கூட்டமாக வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இவை கொத்தும்போது பாதி விதை கீழே சிதறும். அதற்கு மாடப்புறாக்கள் வந்து சேரும். ஒரு தெருவில் ஐம்பது மாடப்புறா நிலைத்துவிட்டால் ஏர்கான் பெட்டி, கூரை விளிம்பு, காயப்போட்ட துணி எதுவும் தப்பாது. காய்ந்த புறா எச்சத்தைக் கூட்டும்போது கிளம்பும் தூசியில் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை இருக்கக்கூடும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அது நுரையீரலையும் மூளையையும் தாக்கும். அக்கம்பக்கத்தாரிடம் கெட்ட பெயர் எடுக்க வைப்பதும் இந்தப் புறாக் கூட்டம்தான்.

உங்கள் கணவரின் எலிப் பயமும் நியாயமானது. லொங்காங்கில், அதாவது சாக்கடையில், குடியிருக்கும் எலிக்கு இரவில் தரையில் கிடக்கும் தினை பெரிய விருந்து. எலிச் சிறுநீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோயை இங்கே கெஞ்சிங் திக்குஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும், உயிரையே எடுக்கும். எலி பெருகினால் அதைத் தேடிப் பாம்பும் வரும். ஆனால் எலி வருவது மிச்சத்துக்காக. காலையில் வைத்ததை மத்தியானத்துக்குள் எடுத்து, தட்டின் கீழே தரையையும் ஒரு தடவை கழுவிவிட்டால் எலிக்கு அங்கே வேலை இல்லை. அந்த ஒழுங்கு உங்களால் முடியாது என்று தோன்றினால் தட்டே வேண்டாம், செடி மட்டும் போதும்.

சிட்டுக்குருவியைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே நாம் பெரும்பாலும் பார்ப்பது மரச்சிட்டு. தலை முழுக்கப் பழுப்பு, வெள்ளைக் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. தமிழ்நாட்டில் பார்த்திருப்பீர்களே, சாம்பல் தலைச் சிட்டு, அது வேறு இனம். மரச்சிட்டுக்கு நீங்கள் தீனியே வைக்க வேண்டியதில்லை. புல்வெட்டாத ஒரு மூலை இருந்தால் புல்விதையைத் தானே தேடிக்கொள்ளும்.

பழத் தட்டுக்கு முதல் ஆளாக வருவது மெர்பா. சின்னான் இனம். வெள்ளை முகம், கண்ணோரம் கறுப்புக் கோடு, வாலடியில் எலுமிச்சை மஞ்சள். பப்பாளித் துண்டை அலகால் தொட்டுப் பார்த்து, நல்லதாக இருந்தால் குரல் கொடுத்து ஜோடியைக் கூப்பிடும். சிவப்புக் கண்ணும் கறுப்பில் பச்சை மின்னும் உடலுமாகப் பெர்லிங் கூட்டம் வரும். சில காலைகளில் மாங்குயிலும் வரலாம், குயிலும் வரலாம். முராய் கம்போங், தமிழ்நாட்டில் குண்டுக்கரிச்சான் என்பார்களே, அது தட்டுக்கு வராது. அதற்குப் புழு பூச்சிதான் சாப்பாடு. உதிர்ந்த இலையை ஒரு மூலையில் கூட்டாமல் விட்டு, பூச்சிமருந்து அடிக்காமல் இருந்தால் அது தானாகத் தோட்டத்துக்கு வந்து விடியலில் பாடும். பழம் தின்னும் பறவைகளும் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டுகின்றன; மருந்தடிக்கும் தோட்டத்தில் பழம் வைத்து என்ன பயன்?

நன்றாகப் பழுத்த பப்பாளி, பீசாங் எமாஸ் வாழைப்பழம், கொய்யா எதுவானாலும் சரி, ஒரு கைப்பிடி அளவு. காலை ஏழு மணிக்கு வைத்து பதினொன்றுக்குள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். ரொட்டி, பிஸ்கட், ரொட்டி சானாய் மிச்சம், முறுக்கு, உப்புக் கடலை எதுவும் வேண்டாம். உப்பும் எண்ணெயும் சின்ன உடலுக்கு ஆகாது. பச்சரிசி தின்றால் பறவை வயிறு வெடித்துவிடும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அதில் உண்மை கிடையாது, வயலில் நெல் தின்று வாழும் பறவைகள் எத்தனை! கொழுப்புக் கட்டி என்று பொட்டலத்தில் விற்பது குளிர்நாட்டுச் சரக்கு; நம் வெயிலில் உருகி இறகில் ஒட்டும்.

இரவில் பழம் இருக்கவே கூடாது. வாழைப்பழ வாசனைக்குப் பழந்தின்னி வௌவால் வரும். சுவரெல்லாம் எச்சம் தெளிக்கும். 1998-99இல் நம் நாட்டில் 105 பேரைப் பலிகொண்ட நிப்பா வைரஸின் இருப்பிடம் பழந்தின்னி வௌவால்களில் பெரிய ரகம். பண்ணைகளுக்கு மேல் இருந்த மரங்களில் அவை கடித்துப்போட்ட பழம் வழியாகப் பன்றிகளுக்கும், பன்றிகளிடமிருந்து மனிதருக்கும் அது வந்தது. செந்தூலில் வரும் சின்ன வௌவாலைப் பார்த்துப் பீதியடையத் தேவையில்லை. ஆனால் வௌவால் கடித்த பழத்தைக் கையால் தொடாமல் இருப்பது, குழந்தைகளைத் தொட விடாமல் இருப்பது நல்ல பழக்கம்.

காக்கைக்குச் சோறு. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் இல்லை. முன்னோருக்குப் படைத்த சோற்றை ஒரு வாய் காக்கைக்கு வைத்துவிட்டுச் சாப்பிட உட்காரும் வீட்டில்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். உங்கள் மாமியாரின் விருப்பம் நிறைவேற வேண்டும். அதே சமயம் ஊர் நிலவரம் தெரிந்திருப்பது நல்லது. இங்கே நாம் பார்க்கும் சாம்பல் கழுத்துக் காகம் இந்த மண்ணுக்குரியது அல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காப்பித் தோட்டங்களில் புழுவை ஒழிக்க இலங்கையிலிருந்து கிள்ளான் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது அது பெருகி, மற்றப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தூக்குகிறது. நகராட்சிகள் ஆள் வைத்துச் சுட்டுத் தள்ளும் அளவுக்குப் போயிருக்கிறது. தினந்தோறும் சோறு வைத்து நூறு காகத்தைப் பழக்கினால், உங்கள் செம்பருத்தியில் கூடு கட்டிய தேன்சிட்டுக்கு அது நல்லதல்ல.

எனவே அமாவாசை, திதி, கனு போன்ற நாட்களில் மட்டும், ஒரு பிடி சோறு, வாழையிலைத் துண்டில், மதில் மேலே. கா கா என்று கூப்பிட்டு, அது வந்து எடுக்கும்வரை ஒருவர் நின்று, மிச்சத்தை இலையோடு சுருட்டி எடுத்துவிடுங்கள். அன்றைக்குப் பழத் தட்டை வெளியே வைக்க வேண்டாம். மற்ற நாட்களில் காகத்துக்குத் தட்டு எட்டாமல் இருக்க, காற்றுக்கு ஆடும்படி மெல்லிய கம்பியில் தொங்கவிட்ட சின்னச் சிரட்டையே போதுமானது. மெர்பா அதில் தாராளமாகத் தொற்றிக்கொள்ளும். கனமான காகத்துக்கும் புறாவுக்கும் காலூன்ற வசதி இருக்காது. மைனா மட்டும் கெட்டிக்காரத்தனமாகப் பழகிவிடும். அதற்கும் ஒரு துண்டு போகட்டும்.

எங்கே தொங்கவிடுவது என்பதில் கண்ணாடிக் கதவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஹால் முன்னால் பெரிய கண்ணாடிக் கதவு இருந்தால், அதில் தெரியும் மரத்தின் நிழலை நிஜம் என்று நம்பிப் பறவை முழு வேகத்தில் மோதும். அமெரிக்கப் பறவையியலாளர் டேனியல் கிளெம் இதைச் சோதித்துப் பார்த்துச் சொன்னது: தீனித் தட்டு கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருந்தால் பறவை வேகம் பிடிக்குமுன்னே மோதுவதால் சாவு மிகக் குறைவு, சில மீட்டர் தள்ளி வைத்தால்தான் ஆபத்து அதிகம். எனவே ஒன்று கண்ணாடிக்கு ஒட்டினாற்போல், இல்லையென்றால் நன்றாகத் தள்ளி. கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் வெள்ளைப் புள்ளிகள் ஒட்டுவது இன்னும் நல்லது. அக்டோபர் முதல் வடக்கிலிருந்து இரவில் பறந்து வரும் விருந்தாளிகள் உண்டு. ஆறுமணிக்குருவியின் உறவான நீலச் சிறகுப் பிட்டா அவற்றில் ஒன்று. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கண்ணாடியில் மோதி வாசலில் கிடப்பதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். அந்த மாதங்களில் ராத்திரி தேவையில்லாத வெளிச்சத்தை அணைத்துவைத்தால் அவற்றுக்கு உதவி.

பூனை பதுங்கும் புதரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். காருக்கு மேலே வேண்டாம். லொங்காங் பக்கமும் வேண்டாம். அணில், இங்கே துப்பாய், கம்பி வழியாக இறங்கி வரும்; தட்டுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்துக் கோத்துவிட்டால் அது வழுக்கிக்கொண்டு போய்விடும், மழைக்கும் குடை. எறும்புக்கு ஒரு சின்னப் பிளாஸ்டிக் கப்பைக் கம்பியில் கவிழ்த்துக் கோத்து அதன் உள்பக்கம் வாஸலின் களிம்பைத் தடவுங்கள். பறவை உடம்பில் படாது. எறும்பைத் தடுக்கத் தண்ணீர்க் கிண்ணம் என்று சிலர் சொல்வார்கள். நம் ஊரில் அது ஏடிஸ் கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுக்கிற வேலை.

கொசு என்றதும் தண்ணீர்த் தட்டு நினைவுக்கு வருகிறது. தீனியைவிடப் பறவைகளுக்கு உண்மையில் பயன்படுவது அதுதான், அதிலும் பிப்ரவரி, மார்ச் வெயிலில். அகலமான மண் தட்டு, மெருகு பூசியதாக இருந்தால் நல்லது. தண்ணீர் மூன்று நான்கு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம், நடுவில் கால் வைக்க ஒரு சொரசொரப்பான கல். அலங்காரத்துக்குச் செலவு செய்ய ஆசைப்பட்டால் இதற்குச் செய்யுங்கள். ஆனால் தினமும் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் தன் முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் அது பல மாதம் உயிரோடு காத்திருக்கும். மறுபடி நனைந்தால் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். எனவே விளிம்பைச் சுற்றிப் பிரஷால் அழுத்தித் தேய்க்க வேண்டும். சுகாதாரத் துறையினர் வந்து புழுவைக் கண்டுபிடித்தால் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 500 ரிங்கிட் கம்பவுண்டு அபராதம் கொடுக்கலாம். டெங்கி வந்து படுப்பதற்கு முன்னால் அந்தப் பணம் பெரிதல்ல.

கழுவும் முறை: தினமும் சோப்புத் தண்ணீர். வாரம் ஒரு தடவை, ஒரு பங்கு குளோராக்ஸ் ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, வாசனை போகும்வரை அலசி, வெயிலில் முழுக்கக் காயவையுங்கள். இதற்கென்று தனி பிரஷ், தனி வாளி. சமையலறை சிங்க்கில் கழுவ வேண்டாம். காய்ந்த எச்சத்தைத் துடைக்குமுன் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொள்ளுங்கள். இறகை உப்பிக்கொண்டு, கண் மூடி, கிட்டே போனாலும் பறக்காமல் ஒரு பறவை உட்கார்ந்திருந்தால், அல்லது அலகோரம் மரு மாதிரி தடித்திருந்தால், அன்றோடு இரண்டு வாரத்துக்குத் தீனியை நிறுத்திவிடுங்கள். மற்றப் பறவைகள் பிரிந்து போகும், தொற்று நிற்கும். நோய்ப்பட்ட பறவையைப் பற்றி வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குச் சொல்லலாம். பிடித்துக் கூண்டில் வைத்து வளர்க்க முயல வேண்டாம்; பல இனங்கள் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை.

உங்களுக்கான இந்தப் பதிலைப் படிக்கும் வேறு சிலருக்காகவும் இரண்டு வரி. கொண்டோவில் இருப்பவர்கள் பால்கனியில் தீனி வைக்க வேண்டாம். எச்சமும் தோலும் கீழ்வீட்டார் துணியில் விழும். இரண்டு தொட்டி இட்லிப்பூ வைத்தால் பதினைந்தாவது மாடிக்கும் தேன்சிட்டு ஏறி வரும். காட்டோரம் இருப்பவர்கள், பினாங்கில் தாவரவியல் பூங்காவைச் சுற்றி, இங்கே புக்கிட் கியாரா, அம்பாங் மலையடிவாரம், பழத் தட்டே வைக்கக்கூடாது. குரங்கு ஒரு தடவை ருசி கண்டால் அப்புறம் சமையலறைக்குள்ளேயே வந்துவிடும். கடித்தால் மனிதருக்கு ஆபத்து, பழகிவிட்டால் கடைசியில் அந்தக் குரங்கின் உயிருக்கு ஆபத்து.

செந்தூல் வீட்டில் மண் தரை இருக்கிறது என்று எழுதியிருப்பதால் இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு கருவேப்பிலை மரத்தை வெட்டி வெட்டிக் குட்டையாக்காமல் ஒரு கிளையைப் பூத்துக் காய்க்க விடுங்கள். பச்சையாகத் தொடங்கி, சிவந்து, கடைசியில் கறுத்து மின்னும் அந்தக் கொத்துப் பழத்துக்கு மெர்பாவும் குயிலும் போட்டி போடும். பாதி தெருவுக்குக் கருவேப்பிலைக் கன்று போட்டுக் கொடுப்பவை அந்தப் பறவைகள்தான். இடம் தாராளமாக இருந்தால் ஒரு செரிப் பழ மரம். வருடம் முழுக்கச் சிவந்த பழம், சிவப்பு முதுகுப் பூக்கொத்திக் குருவி அதைவிட்டுப் போகாது. அந்த மரம் வேகமாக வளர்ந்து நிழல் கட்டும், கிளை முறியும், எனவே மதிலுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

தட்டை மாட்டியதும் பறவை வந்துவிடாது. இரண்டு மூன்று வாரம் ஒன்றுமே வராமல் இருக்கலாம். இடத்தையும் நேரத்தையும் மாற்றாமல், ஒரே ஒரு துண்டுப் பழம் மட்டும் வைத்து வாருங்கள். ஒரு மெர்பா கண்டுகொண்டால் போதும். என்ன பறவை என்று தெரியாவிட்டால் மெர்லின் செயலியைக் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளுங்கள், குரலைக் கேட்டே பெயர் சொல்லும். 1940இல் தொடங்கிய மலேசிய இயற்கைக் கழகத்தில் பறவை பார்ப்பவர்கள் குழு இருக்கிறது. புதியவர்களைச் சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்வார்கள்.

ஊருக்குப் போவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பட்டினி கிடக்காது. உங்கள் தட்டில் கிடைப்பது அவற்றின் நாளில் ஒரு கடி. மிச்சமெல்லாம் அவை வெளியே தேடிக்கொண்டதுதான். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சாவியைக் கொடுத்துத் தீனி போடச் சொல்லித் தொந்தரவு செய்ய வேண்டாம். கிளம்புவதற்கு முதல் நாள் தட்டைக் கழற்றி, கழுவி, காயவைத்து உள்ளே வையுங்கள். தண்ணீர்த் தட்டை விளிம்போடு தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, பூந்தொட்டிச் சாஸர்களில் தண்ணீர் நிற்கிறதா என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டுங்கள்.